மூடி திறந்தால் ஓடும் பெட்டி

திங்கட்கிழமை காலைகளில் என் மேசைமேல் ஒரு செய்தித்தாள் பொட்டலம் காத்திருக்கும். ஜோகூரில், தம்போயில் ஒரு சிறிய தொழிற்சாலையில் நான் பரிசோதனைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த காலம் அது. பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை சர்க்யூட் போர்டு இருக்கும். தாளில் லேசாக மீன் வாடை அடிக்கும். ஓரத்தில் நீலப் பேனாவால் அழுத்தி எழுதிய ஒரே வரி: 'மத்தியானம் நிக்குது. காலையில ஓடுது.' அந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். அடுத்து நடக்கப்போவது எனக்குத் தெரியும். போர்டை மேசையில் பொருத்துவேன், மின்சாரம் கொடுப்பேன், கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பேன். அது ஒரு குறையும் இல்லாமல் ஓடும். 'குறை காணப்படவில்லை' என்று அச்சிட்ட சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன். இரண்டு வாரம் கழித்து இன்னொரு பொட்டலம் வரும்.

கொண்டுவந்து வைப்பவர் சர்வீஸ் அண்ணன். அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் வாசலில் நிற்கும் காவலர் முதல் மேல்மாடி அலுவலகம் வரை எல்லோருக்கும் அவர் அதுதான். அசெம்பிளி லைனில் இருந்த மலாய்ப் பெண்களும் சீனப் பெண்களும்கூட 'அண்ணே' என்றே கூப்பிடுவார்கள். குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மோட்டார் பழுதுபார்க்கும் வேலையில் தொடங்கி, எங்கள் கம்பெனியின் ஒரே வெளியூர் சர்வீஸ் ஆளாக வந்து சேர்ந்தவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். பேச்சு குறைவு. சொன்னதையே சொல்வதற்குச் சலிக்கமாட்டார். அந்தச் சலிக்காத குணம்தான் எனக்கு அப்போது பெரிய தொல்லையாக இருந்தது.

நாங்கள் செய்துகொண்டிருந்தது மீன் தொட்டிகளுக்குக் காற்று ஊதும் பம்புகளை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி. மெர்சிங் பக்கம் கெராப்பு மீன்குஞ்சுகளை, கடல் கூண்டுகளில் விடுவதற்கு முன், கரையில் பெரிய தொட்டிகளில் வைத்து வளர்ப்பார்கள். அந்தத் தொட்டிகளில் காற்று ஒரு மணி நேரம் நின்றாலும் ஆபத்து. பம்ப் நின்றால் அலாரம் அடிக்க வேண்டியதும் எங்கள் பெட்டியின் வேலை. பேட்டரியிலிருந்து வருவது இருபத்து நான்கு வோல்ட். பெட்டியின் மூளைக்குத் தேவை வெறும் ஐந்து. நடுவில் நின்று இருபத்து நான்கை ஐந்தாக்கித் தருவது வோல்டேஜ் ரெகுலேட்டர் என்னும் மூன்று கால் சிப். மீதி பத்தொன்பது வோல்ட்டை அது என்ன செய்கிறது என்றால், சூடாக்கித் தன் உடம்பு வழியாக வெளியே விடுகிறது. அதற்கு வேறு வழி கிடையாது.

வெப்பம் வெளியே போக முடியாமல் தேங்கினால் என்ன ஆகும் என்பதும் ரகசியமில்லை. சிப்பைச் செய்பவர்கள் அதற்குள்ளேயே ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். சுமை இழுக்கும் டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில், அதே சிலிக்கான் துண்டில், சூட்டை உணரும் ஒரு சின்ன அமைப்பு இருக்கும். உள்ளே நூற்றைம்பது டிகிரிக்கு மேல் ஏறினால் அது வெளியீட்டை நிறுத்திவிடும். கொஞ்சம் ஆறியதும் தானே திறந்துவிடும். மறுபடி சூடானால் மறுபடி நிறுத்தும். சிப் கருகாமல் இருக்க இதுதான் ஏற்பாடு. பாலிடெக்னிக்கில் இதைப் பற்றி அரைப்பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இப்போது நினைத்தால் அதுதான் என்னை மிகவும் கடுப்பாக்குகிறது. தெரியாமல் செய்த தப்பு என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

ஆறாவது போர்டோ ஏழாவது போர்டோ வந்தபோது நான் பொறுமை இழந்தேன்.

"அண்ணே, இது நல்லாத்தான் ஓடுது. நீங்களே பாருங்க. எதுக்குச் சும்மா சும்மா கழட்டிட்டு வர்றீங்க?"

அவர் என் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஏர்கோன் உறுமிக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போலத் தோளில் சால்வை போட்டிருந்தேன். "இங்க நல்லாத்தான் ஓடும் தங்கச்சி," என்றார். "அங்க வந்து ஒரு தடவ பாருங்க. ஒரே ஒரு தடவ."

"எனக்கு இங்க வேல இல்லையா?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு முறை பெட்டி நின்றபோதும் நாள், நேரம், எந்த வாடிக்கையாளர், வெயிலா மழையா என்று எழுதி வைத்திருந்தார். நான் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மழை நாளில் ஒரு பெட்டிகூட நிற்கவில்லை என்பது அந்த நோட்டில் இருந்தது. உட்கார்ந்து படித்திருந்தால் பத்து நிமிடத்தில் பிடித்திருப்பேன். எழுதியவர் இன்ஜினியர் இல்லை என்பதால் எனக்கு அது விவரமாகத் தெரியவில்லை, புலம்பலாகத் தெரிந்தது. கூச்சத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

மேனேஜருக்கு இந்த விஷயம் வேறு மாதிரிப் போய்ச் சேர்ந்தது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த தமிழர் அவர். கூட்டங்களில் நல்ல தமிழ் பேசுவார். கோபம் வந்தால் எல்லா மொழியும் கலந்துவிடும். ஒரு கூட்டத்தில் என் சீட்டுகளை விசிறி மாதிரி விரித்துக் காட்டினார்.

"டெஸ்ட் ரூம் சொல்லுது, போர்டு ஓகே. இவர் சொல்றாரு, போர்டு நிக்குது. யார நான் நம்புறது? அலமாக், இவருக்கு மெர்சிங் போறதுன்னா ஜாலி லா. கடல் காத்து, மீன் சாப்பாடு."

சிலர் சிரித்தார்கள். சர்வீஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். மேனேஜரும் என் பக்கம் திரும்பினார். "என் டெஸ்ட்ல பாஸ் ஆகுது," என்றேன். பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் அடுத்த வாரம் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். நல்ல போர்டுகளைக் காரணமில்லாமல் மாற்றினார், கம்பெனி நேரத்தை வீணாக்கினார் என்று எழுதியிருந்தது. பதினான்கு வருடத்தில் அவர் வாங்கிய முதல் கடிதம். மடித்து அந்த நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை வழக்கம்போலப் பொட்டலம் வந்தது.

பிறகு அந்த மீன்கள் செத்தன. மெர்சிங்கில் எங்கள் பெட்டியை நம்பி எட்டுத் தொட்டி வைத்திருந்த ஒரு மலாய்ப் பெரியவர் இருந்தார். நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுவோம். மலாயில் பெரியவர்களை அப்படித்தான் அழைப்பது. ஒரு வெள்ளிக்கிழமை அவரும் வேலையாட்களும் மசூதிக்குப் போயிருந்த நேரத்தில் மூன்று தொட்டிகளில் காற்று நின்றுபோனது. அலாரம் அடிக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது குஞ்சுகள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. பம்புகளைத் தொட்டால் கை பொசுங்கியதாம். மோட்டார்கள் எரிந்திருந்தன. தொட்டிகளுக்கு வயரிங் செய்திருந்தது அவருடைய மருமகன். பாக்சிக் கம்பெனிக்குப் புகார் கொடுத்தார். கம்பெனி பதில் எழுதியது. உங்கள் இடத்து வயரிங் முறையாக இல்லை, அதனால்தான் பம்ப் எரிந்தது, எங்கள் பெட்டியில் குறை இல்லை. ஆதாரமாக நான் கையெழுத்துப் போட்ட பதினொரு சீட்டுகளின் நகல் இணைக்கப்பட்டிருந்தது.

அந்தக் கடிதத்தைப் பாக்சிக்கிடம் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். சர்வீஸ் அண்ணன் முடியாது என்றார். அவர் எதையும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு தபாலில் அனுப்பினார்கள். அன்று மாலை கார் நிறுத்துமிடத்தில் அவர் எனக்காகக் காத்திருந்தார்.

"நாளைக்குச் சனிக்கிழம. லீவுதானே உங்களுக்கு? என்கூட வாங்க தங்கச்சி. நான் சொல்றது பொய்யின்னா, திங்கக்கிழம நானே வேலைய எழுதிக் கொடுத்துட்டுப் போயிடறேன்."

நான் ஒப்புக்கொண்டேன். மனம் இளகியதால் அல்ல. அவர் சொல்வது தப்பு என்று அங்கேயே நிரூபித்து இந்தத் தொல்லைக்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்ற வீம்பில்தான் போனேன்.

கோத்தா திங்கி வழியாகப் போகும் சாலையில் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். வேனில் ஏர்கோன் வேலை செய்யவில்லை. பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கடலோரம் துத்தநாகத் தகடு வேய்ந்த நீளமான கொட்டகை. மேற்குப் பார்த்த தகரச் சுவரில் எங்கள் பெட்டிகள் வரிசையாக அறையப்பட்டிருந்தன. எட்டும் பச்சை விளக்கு எரிய, சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தன. பாக்சிக் எங்களுக்கு நாற்காலி போட்டார். முகத்தில் கோபம் தெரியவில்லை. ஓய்ந்துபோன ஒரு மரியாதை மட்டும் இருந்தது. அதற்குக் கோபமே மேலாக இருந்திருக்கும்.

பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது. பெட்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "இருங்க," என்றார் சர்வீஸ் அண்ணன். வெயில் மெல்ல உச்சியைத் தாண்டிச் சுவர்ப் பக்கம் சாய்ந்தது. ஒன்றே முக்கால் இருக்கும். மூன்றாவது பெட்டிக்குள் 'டக்' என்று ரிலே சுவிட்ச் விழும் சத்தம் கேட்டது. பச்சை விளக்கு அணைந்தது. பம்ப் நின்றது. தொட்டியில் குமிழிகள் அடங்கின. நான் பாய்ந்து எழுந்து ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறந்தேன். உள்ளேயிருந்து சூடான காற்று முகத்தில் அடித்தது. மீட்டரை எடுத்து முனைகளை வைப்பதற்குள் விளக்கு எரிந்து, ரிலே ஒட்டி, பம்ப் ஓடத் தொடங்கிவிட்டது. ஐந்து வோல்ட் சுத்தமாக இருந்தது. பத்து நிமிடம் முறைத்துக்கொண்டு நின்றேன். அது நிற்கவே இல்லை.

"பாத்தீங்களா? இதான். தொறந்தா ஓடும். கழட்டுனா ஓடும். உங்ககிட்ட கொண்டாந்தா நல்லாவே ஓடும்."

"அப்ப எப்படித்தான்ணே பாக்குறது?"

"மூடுங்க," என்றார்.

மீட்டர் ஒயர்களைக் கேபிள் துளை வழியாக வெளியே இழுத்துவிட்டு மூடியைப் பழையபடி முறுக்கினோம். ஒரு மீட்டர் உள்ளே வரும் மின்சாரத்துக்கு, இன்னொன்று வெளியே போவதற்கு. இருபது நிமிடம் காத்திருந்தோம். வெளிமீட்டர் ஐந்து காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று பூஜ்யமானது. உள்மீட்டரில் இருபத்து நான்கு அப்படியே நின்றது. சில நொடிகளில் மறுபடி ஐந்து வந்தது. மறுபடி பூஜ்யம். மறுபடி ஐந்து. பம்ப் உறுமுவதும் அடங்குவதுமாகத் திணறியது. பாக்சிக்கின் வயரிங்கில் குறை இருந்தால் இருபத்து நான்கு அல்லவா ஆட வேண்டும்? அது மலை மாதிரி நின்றது. ஆடியது எங்கள் சிப். அதுகூடக் கெட்டுப்போய் ஆடவில்லை. எந்தச் சூட்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தார்களோ அந்த இடத்தில் நின்று, ஆறி, எழுந்து, மறுபடி நின்றுகொண்டிருந்தது. அது தன்னைக் காப்பாற்றிக்கொண்ட ஒவ்வொரு முறையும் பம்ப் நின்று நின்று ஓடி எரிந்திருக்கிறது. அலாரத்துக்கும் அதே ஐந்து வோல்ட்தான். எனவே எல்லாம் அடங்கிய நேரத்தில் அலாரமும் வாயடைத்துப் போயிருக்கிறது. அந்த வடிவமைப்பை மூன்று பேர் சரிபார்த்திருந்தோம். அதில் நானும் ஒருத்தி.

எனக்கு இன்னும் ஓர் உறுதி தேவைப்பட்டது. மீன் ஏற்றும் இடத்தில் ஐஸுக்குப் பஞ்சமா? பாக்சிக்கிடம் ஒரு பை ஐஸ் கேட்டேன். பிளாஸ்டிக் பையில் கட்டிப் பெட்டியின் தலையில் தூக்கி வைத்தேன். ஐந்து நிமிடத்தில் ஆட்டம் நின்றது. பம்ப் ஒரே சீராக ஓடியது. பையை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் 'டக்'. மறுபடி வைத்தேன், ஓடியது. பாக்சிக் என்னையும் ஐஸ் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "காய்ச்சலா இதற்கு?" என்று மலாயில் கேட்டார். சர்வீஸ் அண்ணன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிப்பின் முதுகில் முன்பு ஒரு தடித்த அலுமினியத் தகடு இருந்தது. சூட்டை வாங்கி வெளியே விடும் ஹீட் சிங்க். பெட்டி மெல்லியதாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று விற்பனைப் பிரிவு கேட்டது, தகடு புதுப் பெட்டிக்குள் அடங்கவில்லை, எடுத்துவிட்டோம். தகடு இல்லாமலும் என் அறையில் ஓடியது. மூடி திறந்த நிலையில், இருபத்திரண்டு டிகிரிக் குளிரில், கால் மணி நேரம். அதை வைத்துச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டது நான்தான்.

திரும்பும் வழியில் இதை அவரிடம் சொன்னேன். அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ம்," என்றார். கொஞ்ச தூரம் போனபின், "ரிப்போர்ட்ல எழுதுவீங்களா?" என்று கேட்டார். எழுதுவேன் என்றேன்.

எழுதவும் செய்தேன். நான்கு பக்கம், மீட்டர் அளவுகளோடு, என் கையெழுத்தையும் சேர்த்துக் குறிப்பிட்டு எழுதினேன். உண்மை தெரிந்துவிட்டது, இனி எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பினேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் அது என்பது மேனேஜர் முதல் பக்கத்தைப் படித்து முடித்ததும் தெரிந்தது.

"அப்ப சிப்தான் ஆஃப் ஆகுது. அப்படித்தானே?"

"ஆமா. ஆனா அது கோளாறு இல்ல. சூடு தாங்காம தன்னைக் காப்பாத்திக்குது. தகடு திரும்ப வெக்கணும், பெட்டி பெருசாகணும்."

"பெட்டி எல்லாம் மாத்த முடியாது லா. ஆஃப் ஆகுற சிப் வேணாம். ஆஃப் ஆகாத சிப்பா ஒண்ணு பாரு."

அரை மணி நேரம் விளக்கினேன். நிறுத்துவது சிப்பின் குற்றமில்லை, நிறுத்த வைப்பது நம் பெட்டி என்று எத்தனை விதமாகச் சொல்லலாமோ அத்தனை விதமாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார். மறுநாள் கொள்முதல் பிரிவு அந்தப் பாதுகாப்பு இல்லாத ஒரு மாற்றுச் சிப்பைத் தருவித்துக் கொடுத்தது. பாகங்களை உலர்த்துவதற்கு எங்களிடம் ஓர் ஓவன் உண்டு. அதை மெர்சிங் வெயிலின் சூட்டுக்கு வைத்து, மாற்றுச் சிப் பொருத்திய பெட்டியை மூடி உள்ளே ஓடவிட்டேன். சர்வீஸ் அண்ணனும் என்னோடு நின்றார். மேனேஜரைக் கூப்பிட்டேன், வரவில்லை. சொன்னபடியே அது ஆஃப் ஆகவில்லை. மாலை நான்கு மணிக்குக் கருகிய வாடை வந்தது. திறந்து பார்த்தால் போர்டு பழுப்பேறி, சிப் வெடித்து, பிளாஸ்டிக் சுவர் உருகிச் சுருங்கியிருந்தது. அதை அப்படியே ஒரு தட்டில் வைத்து மேல்மாடிக்குக் கொண்டுபோய் மேனேஜரின் மேசையில் வைத்தேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சரி, சரி, எடு," என்றார்.

நாலு மாதம் கழித்துத் தகடு திரும்ப வந்தது. பெட்டியும் பெருத்தது. 'மேம்படுத்தப்பட்ட புதிய வடிவம்' என்று விளம்பரம் செய்தார்கள். பழைய பெட்டிகளைத் திரும்பப் பெறவில்லை. ஏற்கெனவே விற்ற பெட்டிகளைப் பற்றி என் ரிப்போர்ட்டில் இருந்த பக்கத்தை யாரும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. பாக்சிக்குக்கு அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்டேன். அது முடிந்துபோன விஷயம் என்றார்கள். சர்வீஸ் அண்ணனின் எச்சரிக்கைக் கடிதத்தையாவது கிழித்துப் போடுங்கள் என்று மனிதவளப் பிரிவுக்கு மூன்று முறை நடந்தேன். ஃபைலில் போனது போனதுதான் என்றார் அங்கிருந்த பெண். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்குச் சொல்லிக் கொடுத்த பதில் அது. கதவில் முட்டினால் வலிக்கவாவது செய்யும். இங்கே எல்லாக் கதவும் இனிமையாகத் திறந்தது, உள்ளே யாருமே இல்லை.

சர்வீஸ் அண்ணன் சண்டை போடவில்லை. பழைய இரும்புக் கடையில் அலுமினியத் துண்டுகள் வாங்கி, அறுத்து, துளையிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மெர்சிங் போய் அந்த எட்டுப் பெட்டிகளுக்கும் தானே தகடு பொருத்தினார். மெல்லிய பெட்டியில் இடமில்லாததால் பின்பக்கத்தை வெட்டி, தகட்டை வெளியே நீட்டி வைத்தார். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் அதன் பிறகு ஒன்றுகூட நிற்கவில்லை. அந்த வேலை முடிந்த வாரம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். சிங்கப்பூரில் லிஃப்ட் பராமரிப்பு வேலை கிடைத்திருந்தது. கடைசி நாள் என் அறைக்கு வந்து, "வரேன் தங்கச்சி," என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான்கு நாளாக யோசித்து வைத்திருந்தேன். "சாப்பிட்டீங்களாண்ணே?" என்றுதான் வாயில் வந்தது.

அதற்குப் பிறகு மேனேஜர் வேறு ஊருக்குப் போனார். நான் இப்போது அந்தத் தொழிற்சாலையின் தரப் பிரிவுக்கே தலைவி. புதிய பொருள் எதுவானாலும் மூடியை மூடி, ஓவனுக்குள் வைத்து, எட்டு மணி நேரம் ஓட்டாமல் கையெழுத்துப் போடுவதில்லை. என் கீழ் இருப்பவர்களுக்கு அது எரிச்சல் என்று எனக்குத் தெரியும். போன மாதம் ஓர் ஆவணத்தைத் தேடும்போது அந்த எச்சரிக்கைக் கடிதத்தின் நகல் கையில் கிடைத்தது. கீழே இணைப்பு என்று குறித்திருந்தது என்னுடைய சீட்டுகள். அன்றே சர்வீஸ் அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஆறு வருடம் ஆகியிருந்தது. சிங்கப்பூருக்குப் போகும் ஜோகூர் பாலத்தில் பஸ்ஸுக்காக வரிசையில் நிற்பதாகச் சொன்னார். சுற்றிலும் ஒரே இரைச்சல். இந்த முறை சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். கூட்டத்தில் உங்களுக்காக நான் பேசாதது தப்பு, நோட்டைப் படிக்காதது தப்பு என்றேன்.

"பரவால்ல விடுங்க," என்றார். பிறகு, "அந்தப் பாக்சிக்குக்கு யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"என்னன்னு?"

"அவங்க வயரிங்ல குத்தம் இல்லன்னு. நான் சொன்னேன். ஆனா நான் சொல்லி என்னா? கம்பெனி கடுதாசி இங்கிலீஷ்ல, சீல் வச்சு வந்துச்சு. அந்த மருமகன்தான் வயர் போட்டது. மாமனார் எல்லார் முன்னாடியும் திட்டிட்டாரு. அவன் அன்னைக்கே வீட்ட விட்டுப் போனவன்தான். எனக்கு வந்த கடுதாசி கெடக்கட்டும். அத நீங்க போய் சொல்லுங்க தங்கச்சி. உங்க கையெழுத்துதானே."

சனிக்கிழமை நானே கார் ஓட்டிக்கொண்டு போனேன். கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வக்கீலைக் கேட்க வேண்டும் என்றிருப்பார்கள். கொட்டகையில் தொட்டிகள் பாதி காலி. பாக்சிக்குக்கு நன்றாக வயதாகிவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை, ஐஸ் வைத்த பெண் என்றதும் புரிந்துகொண்டார். உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே, வரும் வழியெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்திருந்த மலாய் வாக்கியங்களைச் சொன்னேன். மீன்கள் செத்தது எங்கள் பெட்டியால். உங்கள் வயரிங் சரியாகவே இருந்தது. கடிதத்தில் இருந்தது பொய். அதற்கு ஆதாரமாக வைத்த கையெழுத்து என்னுடையது.

திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, கண்ணுக்கு அருகில் வைத்து எண்ணைத் தேடி அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டார். நெடுநேரம் மணி அடித்தது. ஓர் ஆண் குரல், தயக்கத்தோடு, "அப்பா?" என்றது. மருமகன்தான்; மலாய்க்காரர்கள் மாமனாரையும் அப்படிக் கூப்பிடுவார்கள். பாக்சிக் கைபேசியை என் முன்னால் நீட்டினார்.

"இவனிடம் சொல்," என்றார் மலாயில்.

நான் முகம் பார்த்தறியாத அந்த மனிதனிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவன் கேட்டான், "அப்பா அங்கே இருக்கிறாரா? கேட்டுக்கொண்டிருக்கிறாரா?"

"இருக்கிறார்," என்றேன்.

"அப்படியானால் இன்னொரு முறை சொல்லுங்கள்," என்றான். "கொஞ்சம் சத்தமாக."

சொன்னேன்.